தாளும் மானும்

.308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு என்ற இரண்டு தோட்டாக்களை மேசைமேல் அருகருகே நிறுத்தினால் கண்ணுக்குத் தெரிவது உயர வித்தியாசம் மட்டும்தான். முன்னதன் பித்தளைக் கூடு 51 மி.மீ.; பின்னதன் கூடு 63 மி.மீ. உச்சியில் செருகியிருக்கும் குண்டு இரண்டுக்கும் ஒன்றே. விட்டம் ஒன்று, எடையும் ஒன்றாக இருக்கலாம், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதாகக்கூட இருக்கலாம். அரை அங்குலத்துக்கும் குறைவான இந்தப் பித்தளைக்காக அமெரிக்க வேட்டைக்காரர்கள் எழுபது ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். குட்டையான தோட்டா இயல்பிலேயே குறி தப்பாதது என்பது ஒரு கட்சி. நல்ல குழல் கிடைத்தால் நெட்டையானதும் அப்படித்தான் என்பது மறு கட்சி.

விளையாட்டு வேட்டையை 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் முடித்துவைத்த நாட்டில் இருந்துகொண்டு இந்த வாதத்தை நான் ஏன் இவ்வளவு அக்கறையோடு பின்தொடர்கிறேன் என்று கேட்கலாம். இந்த வாதத்தின் மறுமுனையில் ஓர் உயிர் நிற்கிறது. வேட்டை நடக்கும் நாடுகளில் அது நடக்கத்தான் போகிறது. அந்த உயிர் நொடியில் விழுமா, குடல் கிழிந்து இரவெல்லாம் புதரில் கிடக்குமா என்பது ‘துல்லியம்’ என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் அவர்கள் தாளில் விழும் ஓட்டைகளைச் சொல்கிறார்கள். மான் தாளில் நிற்பதில்லை.

முதலில் தாளின் நியாயத்தைக் கேட்போம். அதிலும் உண்மை இருக்கிறது.

துல்லியம் என்பது, ஒரு முறை நடந்தது மறுமுறை அப்படியே நடப்பது. கூட்டுக்குள் இருக்கும் மருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே சீராகப் பற்றி ஒரே அழுத்தத்தைத் தர வேண்டும். குண்டு ஒரே நேர்கோட்டில் குழலின் உட்புற மரைக்குள் நுழைய வேண்டும். குழல் ஒரே விதமாக அதிர வேண்டும். குழல்வாயை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னால் சீறும் வாயு குண்டின் அடியை எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ள வேண்டும். குட்டையான, கொழுத்த கூட்டில் மருந்து நெருக்கமாக அடைந்திருப்பதால் தீ ஒரே சீராகப் பரவுகிறது என்பது .308 கட்சியின் வாதம். தோட்டா குட்டையானால் துப்பாக்கியின் இயங்கு பகுதியும் குட்டையாகி விறைப்பாக நிற்கும் என்பது அடுத்த வாதம். இரண்டும் சரியே. ஆனால் .308 வந்த 1952-க்குப் பிறகு, அதன் இரட்டைப் பிறவியான 7.62 மி.மீ. தோட்டாவை நேட்டோ படைகள் 1954-இல் ஏற்றுக்கொண்ட பிறகு, மிகச் சிறந்த போட்டிக் குண்டுகளும் போட்டித் துப்பாக்கிகளும் இந்த அளவைச் சுற்றியே செய்யப்பட்டன. அதன் வெற்றியில் எவ்வளவு தோட்டாவின் வடிவத்துக்கு, எவ்வளவு அதன்மேல் கொட்டப்பட்ட உழைப்புக்கு என்று பிரித்தெடுப்பது எளிதல்ல.

இதற்கு எதிராக ஒரு பழைய சாட்சி உண்டு. 1935-இல் கேம்ப் பெர்ரியில் நடந்த 1000 கெஜ விம்பிள்டன் கோப்பைப் போட்டியில் பென் கம்ஃபர்ட் என்பவர் வென்றது .300 ஹாலண்டு அண்டு ஹாலண்டு மேக்னம் தோட்டாவைக் கொண்டு. நெட்டை உடம்பு, அடியிலிருந்து நுனிவரை சரிந்துகொண்டே போகும் கூடு, இருக்கிறதா என்று தேட வேண்டிய தோள். இன்றைய வடிவமைப்பாளர் எவரும் துல்லியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடும் வடிவம் அது. ஆயிரம் கெஜத்தில் அது அன்று எல்லாரையும் வென்றது.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர் இதையெல்லாம் விட ஆழத்துக்குப் போனார். குண்டு ஏன் நேற்றுப் போன இடத்துக்கு இன்று போவதில்லை என்ற ஒரே கேள்விக்குத் தன் வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் அவர். மனிதக் கையும் தோளும் கண்ணும் தலையிடாதபடி கான்கிரீட் மேடை கட்டி, அதன்மேல் குழலைக் கிடத்தினார். குண்டு பறக்கும் வழியெங்கும் தாள் திரைகளை நிறுத்தி, ஒவ்வொரு திரையிலும் அது சாய்ந்து போனதா நிமிர்ந்து போனதா என்று பார்த்தார். குண்டின் அடியை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார். முனையைச் சிதைத்துச் சுட்டார். முனையில் செய்த சேதத்தை விட அடியில் செய்த சேதம் குண்டை அதிகம் விலக்கியது. ஆளே இல்லாத மேடையிலிருந்தும் ஓட்டைகள் சிதறின. காரணம் குண்டின் உள்ளே, எடை நடுவில் இல்லாமல் மயிரிழை விலகியிருந்ததில். 1909-இல் வந்த அவருடைய நூலைத் துப்பாக்கிக்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவர் தோட்டாக்களுக்குத் தரவரிசை போடவில்லை. எந்தத் தோட்டாவிலும் பிழை எங்கிருந்து பிறக்கிறது என்று தேடினார். அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் ஃபிராங்க்ளின் மானின் வாரிசுகள். அவர்களுடைய உலகில் தோட்டாவின் வடிவம் உண்மையாகவே முடிவைத் தீர்மானிக்கிறது. 1950-இல் ரெமிங்டனின் மைக் வாக்கர் உருவாக்கிய .222 இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் களத்தை ஆண்டது. எழுபதுகளில் பால்மிசானோ, பிண்டெல் என்ற இருவர் ஒரு ரஷ்யத் தோட்டாவின் கூட்டை மாற்றி 6 மி.மீ. பிபிசி என்ற குட்டைத் தோட்டாவைச் செய்தார்கள்; .222-இன் ஆட்சி முடிந்தது. 100 கெஜத்தில் ஐந்து குண்டுகளின் ஓட்டைகளுக்கு இடையே, மையத்துக்கு மையம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு என்ற சாதனையை மாக் மெக்மில்லன் 1973-இல் படைத்தார். அது முறியடிக்கப்பட நாற்பது ஆண்டுகள் ஆயின. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து எண்ணும் இடத்தில் கூட்டின் தோள் சாய்வும் பிரைமரின் அளவும் பேசத்தான் செய்யும்.

ஹூஸ்டன் நகரில் ஒரு பெரிய கிடங்கின் கதை இந்த வட்டாரத்தில் புராணம்போல் சொல்லப்படுகிறது. எண்பதுகளில் சிலர் இரவு நேரங்களில் அந்தக் கிடங்குக்குள் கூடிச் சுட்டுப் பார்த்தார்கள். கூரைக்குக் கீழே காற்று இல்லை, வெயில் இல்லை, தரையிலிருந்து எழும் கானல் அலை இல்லை. அங்கே நல்ல துப்பாக்கியின் உண்மையான சிதறல் எவ்வளவு சிறியது என்று கண்டார்கள். எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம் அவர்கள் எதை விலக்கினார்கள் என்பதுதான். காற்று, ஒளி, வெப்பம், அவசரம் எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே நிறுத்திய பிறகே தோட்டாவின் சொந்தக் குரல் கேட்டது. வேட்டைக்காரன் நிற்பது அந்தக் கதவுக்கு வெளியே.

வெளியே வந்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கோண நிமிடம். 100 கெஜத்தில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம். 100 மீட்டரில் 2.9 செ.மீ. கடையில் வாங்கும் நல்ல வேட்டைத் துப்பாக்கி, நல்ல தோட்டாவோடு, ஒரு நிமிடத்துக்குள் குண்டுகளைக் கொத்தாகப் போட்டால் உரிமையாளருக்குப் பெருமை. அரை நிமிடத்துக்குள் விழுந்தால் ஊருக்கெல்லாம் தாளைக் காட்டுவார். இப்போது அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போவோம். மேடேறிய மூச்சு வாங்கும் நெஞ்சு, சரிவில் மடக்கிய கால், தோள்பட்டையில் இழுபடும் பை. நன்கு பழகியவரும் இந்த நிலையில் நான்கு கோண நிமிடத்துக்குள் சுட்டால் திறமைசாலி. ஆளின் சிதறலும் துப்பாக்கியின் சிதறலும் அப்படியே கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண வேண்டும். ஆளுக்கு 4, துப்பாக்கிக்கு 1 என்றால் மொத்தம் 4.12. துப்பாக்கியின் சிதறலைப் பாதியாகக் குறைத்து அரை நிமிடமாக்கினால் மொத்தம் 4.03. 200 மீட்டரில் இந்த வித்தியாசம் அரை செ.மீ. ஆயிரக்கணக்கான டாலர்களும் நூற்றுக்கணக்கான பக்கங்களும் செலவழிந்த ஒரு தர்க்கம் மானின் தோலருகே வந்து சேரும்போது விரல்நக அகலம்கூட இல்லை.

அந்த ஒரு நிமிடத்தையும் அரை நிமிடத்தையும் அளந்த விதமே பெரும்பாலும் நம்பத்தக்கதல்ல. வேட்டைக்காரர் இரண்டு வகைத் தோட்டாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் மூன்று குண்டுகள் சுட்டு, எந்தக் கொத்து சிறியதோ அதுவே துல்லியமானது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். மூன்று குண்டுகள் எதையும் நிரூபிப்பதில்லை. எதுவுமே மாறாத ஒரு துப்பாக்கி, மாறாத தோட்டா, மாறாத ஆள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று குண்டுக் கொத்தின் சராசரி ஓர் அங்குலம் என்றால், அடுத்தடுத்த கொத்துகள் அரை அங்குலமாகவும் ஒன்றரை அங்குலமாகவும் வருவது வெறும் தற்செயல், அடிக்கடி நடப்பது. அதே துப்பாக்கியில் பத்துக் குண்டுகள் சுட்டால் கொத்து சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேலே விரியும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, இதுவரை வெளிப்படாதது வெளிப்பட்டது, அவ்வளவே. இந்தத் தோட்டா எனக்கு முக்கால் அங்குலம், அந்தத் தோட்டா ஒன்றேகால் என்று பேசுகிறவர்களில் பலர், ஒரே விஷயத்தை இரண்டு முறை அளந்துவிட்டு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளதிலேயே சிறிய கொத்தைப் பர்சில் மடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்குத் துணை. பெரிய கொத்து விழுந்த தாள் குப்பைக்குப் போகிறது. ஆனால் துப்பாக்கியின் குணம் அதிலும் எழுதப்பட்டிருந்தது.

வேட்டைக்கு எந்தக் கொத்து பொருந்தும் என்று கேட்டால் என் பதில் இது: வெவ்வேறு நாள்களில், குளிர்ந்த குழலிலிருந்து எடுத்த முதல் குண்டுகள் மட்டும் விழுந்த தாள். சுட்டுச் சுட்டுச் சூடேறிய குழல் ஓர் இடத்தில் போடும். எண்ணெய் துடைக்காத குளிர்ந்த குழல் வேறு இடத்தில் போடும். காட்டில் கிடைப்பது இந்த இரண்டாவதுதான். இரண்டாம் குண்டுக்கு மிருகம் அங்கே நிற்காது. அப்படி ஒரு தாளைச் சேர்க்கப் பல வாரங்கள் ஆகும். அதனால்தான் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் அது வருவதில்லை.

தோட்டாவின் தேர்வு உண்மையாகவே விளைவை மாற்றும் இடம் ஒன்று உண்டு. அது காற்று. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் சுடுகளத்தில் 1874 செப்டம்பரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. 800, 900, 1000 கெஜம். ஐரிஷ்காரர்கள் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா செருகும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் துப்பாக்கிகளோடு நின்றார்கள். முடிவு 934-க்கு 931. மூன்று புள்ளி. ஐரிஷ் அணியில் ஒருவர் மையப்புள்ளியைச் சரியாகத் துளைத்தார், ஆனால் பக்கத்து இலக்கில். மையத்துக்கு நான்கு புள்ளி. பக்கத்து இலக்கு என்பதால் சுழி. துப்பாக்கியும் மருந்தும் குண்டும் தங்கள் வேலையைக் குறைவின்றிச் செய்தன. ஆட்டத்தை இழந்தது கண்.

அந்தக் களத்தின் பெயரைத்தான் ஹார்னடி நிறுவனம் 2007-இல் தன் புதிய தோட்டாவுக்கு வைத்தது: 6.5 கிரீட்மூர். ஒல்லியான நீண்ட குண்டு. அதை நிலையாகச் சுழற்ற எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற நெருக்கமான மரை. நீண்டு ஒல்லியாக இருக்கும் குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும். இது புதிய கண்டுபிடிப்பல்ல. சுவீடனும் நார்வேயும் சேர்ந்து தொண்ணூறுகளில், அதாவது 1890-களில், செய்த 6.5×55 தோட்டா இதே வேலையை நூறு ஆண்டுகளுக்கு மேலாக மூஸ் மான் காடுகளில் செய்துவருகிறது. ஆனால் புதியதை இன்றைய துப்பாக்கிக்கும் இன்றைய குண்டுக்கும் பொருத்தமாகச் செய்தார்கள்; அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே காற்று வீசுகிறது என்றால், 500 கெஜத்தில் .308-இன் வழக்கமான 168 கிரெயின் குண்டு சுமார் 20 அங்குலம் ஒதுங்கும். 6.5 கிரீட்மூரின் 140 கிரெயின் குண்டு சுமார் 13 அல்லது 14 அங்குலம். காற்றின் வேகத்தைத் தவறாகக் கணித்தவருக்கு இரண்டாவது தோட்டா அந்தத் தவற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்கிறது. அமெரிக்கச் சிறப்புப் படைகள் 2017-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1000 மீட்டரில் இலக்கைத் தொடும் வாய்ப்பு 6.5 கிரீட்மூரில் இரட்டிப்பானதாக அறிவித்தார்கள். நம்புகிறேன். ஆனால் அதே காற்றில் 100 கெஜத்தில் இந்த இரண்டு குண்டுகளும் ஒதுங்குவது ஓர் அங்குலத்துக்குக் கீழே. இரண்டுக்கும் இடையே கால் அங்குலம். தோட்டாவின் மேன்மை தெரியத் தொடங்கும் தூரமும் மிருகத்தின்மேல் சுடக் கூடாத தூரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. இந்த இடத்தில் நான் வேட்டைக்காரர்களோடு சண்டை போடத் தயாராக இருக்கிறேன்.

காற்றை விட்டுவிட்டாலும் நேரம் இருக்கிறது. 500 கெஜத்தைக் கடக்க இந்தக் குண்டுகளுக்கு முக்கால் நொடியை ஒட்டி ஆகிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் நொடியின் சிறு பின்னம். மேய்ந்துகொண்டே மணிக்கு மூன்று மைல் வேகத்தில் ஓர் அடி எடுத்து வைக்கும் மான் அந்த நேரத்தில் மூன்றடி நகர்ந்துவிடும். விசை அழுத்தப்பட்டபோது நெஞ்சு இருந்த இடத்துக்குக் குண்டு வந்து சேரும்போது அங்கே வயிறு இருக்கும். குண்டு துல்லியமாகத்தான் வந்தது. அரை நிமிடத் துப்பாக்கி, காற்றை வெல்லும் குண்டு, விலையுயர்ந்த தொலைநோக்கி மூன்றும் சேர்ந்து அந்த மானுக்குத் தந்தது மெதுவான சாவு. தொலைவேட்டையைப் புகழும் படங்கள் பெருகிவரும் காலத்தில் இந்த ஒரு கணக்கையாவது எல்லாத் தோட்டாப் பெட்டிகளின் மேலும் அச்சிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய வேட்டைக்காரர்களில் இதை நன்றாக அறிந்தவர் ‘கரமோஜோ’ பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அந்த எண்ணிக்கையை எழுதும்போது கை கூசுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை 7×57 மவுசர் என்ற சிறிய தோட்டாவால் வீழ்த்தினார். அது மான் வேட்டைக்குப் போதும் என்று சொல்லப்படும் அளவு. அவரால் முடிந்ததற்குக் காரணம், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே, எந்தக் கோணத்திலிருந்து எந்த வழி என்று அவர் படித்திருந்ததுதான். உதை குறைந்த துப்பாக்கியைத் தன் உடம்போடு சேர்த்துப் பழகியிருந்தார். ஆனால் அவர் கதையைப் படித்துவிட்டு அதே சிறு தோட்டாவோடு யானை முன் போய் நிற்பது கொடுமை. ஆபத்தான மிருகங்களுக்கு .375-க்குக் குறையக் கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் பலவும் விதித்திருப்பது நியாயமே. பெல்லின் துல்லியம் பெல்லோடு போயிற்று. தோட்டாவோடு அது விற்பனைக்கு வருவதில்லை.

அதே 7×57 தோட்டா, இங்கிலாந்தில் .275 ரிக்பி என்ற பெயரில், ஜிம் கார்பெட்டின் கைக்கு வந்தது. 1907-இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் தந்த பரிசு. ஆனால் பரிசுக்குக் காரணமான வேட்டையில் நடந்ததை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன் .500 துப்பாக்கிக்கு அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தபின், காயப்பட்ட புலி எதிரே பாறைமேல் நிற்க, தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடினார். குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்த துப்பாக்கி. இருபதடியிலிருந்து புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு முன்னங்கால் பாதத்தில் பட்டது. தோலில் பதிந்திருந்ததை நகத்தாலேயே எடுத்துவிட முடிந்தது. புலி அதற்குள் சாகும் தறுவாயில் இருந்ததால் அவர் பிழைத்தார். எல்லாரும் கொண்டாடும் ஒரு குறிகாரர், இருபதடியில், குறி தப்பிச் சுட்டார். ஒப்பீட்டு அட்டவணைகளைப் படிக்கிற ஒவ்வொருவரும் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். கருவி ஒழுங்காக இல்லாவிட்டால் ஆள் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தும் பயனில்லை என்பதற்கும் இதுவே சான்று. நான் ஆளின் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் கடைசிவரை நம்பியது .405 வின்செஸ்டரை. 1904-இல் வந்த தோட்டா. கனத்த குண்டு, மந்தமான வேகம், தூரம் போனால் சரசரவென்று கீழே இறங்கும் பாதை. 300 கெஜப் போட்டியில் வைத்தால் கடைசி இடம் கிடைக்கும். முள்ளுக்காட்டுக்குள், கண்ணுக்கும் மிருகத்துக்கும் நடுவே முப்பது நாற்பது கெஜம் இருக்கும் இடத்தில், அதைவிட நுட்பமான தோட்டா அவருக்கு எதையும் கூட்டித் தந்திருக்காது.

உதையைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. தோட்டா ஆளின் பிழையைத் தானே பெருக்கும் வழி அது ஒன்றுதான். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதை, 6.5×55-இன் உதையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. உடம்பு இதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை விசையில் விரல் அழுந்தத் தொடங்கும்போதே கண் மூடும், தோள் முன்னே தள்ளும், மணிக்கட்டு கீழே இழுக்கும். சுடுபவருக்கே இது தெரியாது, ஏனென்றால் வெடிச்சத்தமும் உதையும் சேர்ந்து அந்த அசைவை மூடிவிடுகின்றன. பயிற்சி தருபவர்கள் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவர் அறியாமல், வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகிக் கொடுப்பார்கள். விசை அழுந்தும், வெடிக்காது, ஆனால் குழல்முனை அரையடி சாயும். பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி சாயும். மேசையில் அரை அங்குலக் கொத்து போட்ட மேக்னத்தின் துல்லியம் அந்தச் சாய்வில் கரைந்துபோகிறது. இந்த வகையில் தோட்டாவைப் பார்த்தால் எனக்கு ஒரு தரவரிசை உண்டு: தன்னை ஆயிரம் முறை சுடவிடும் தோட்டாவே முதலிடம்.

தென் கரோலினா மாநில வனவிலங்குத் துறையின் உயிரியலாளர் சார்லஸ் ரூத், சீடர் நோல் என்ற வேட்டைக் கழகத்தில் வீழ்த்தப்பட்ட 493 வெள்ளைவால் மான்களின் விவரங்களைச் சேகரித்தார். குண்டின் விட்டத்தை வைத்துத் தோட்டாக்களை ஐந்து பிரிவாக்கிப் பார்த்தபோது, அடிபட்ட மான் ஓடிய தூரத்தில் பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை. எங்கே பட்டது என்பதில் வேறுபாடு இருந்தது. தோளில் பட்ட மான்கள் சராசரியாக மூன்று கெஜம். வயிற்றில் பட்டவை அதைப் போல் பல மடங்கு. தப்பிய குண்டுகள், பட்ட குண்டுகளை விடச் சராசரியில் அதிக தூரத்திலிருந்து சுடப்பட்டவை. தோட்டா வாதத்தில் இறங்குகிறவர்கள் இந்த எண்களை மேற்கோள் காட்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

நார்வேயில் இதைச் சட்டமாகவே வகுத்திருக்கிறார்கள். பெரிய மிருகங்களைச் சுடுவதற்கான தோட்டாவிடம் சட்டம் கேட்பது குண்டின் எடையும், 100 மீட்டரில் மிச்சமிருக்கும் ஆற்றலும். துல்லியத்தைத் தோட்டாவிடம் கேட்பதில்லை, ஆளிடம் கேட்கிறது. ஒவ்வோர் ஆண்டும், பயிற்சிக் குண்டுகளைச் சுட்டு முடித்த பிறகு, வேட்டைக்காரர் தன் சொந்தத் துப்பாக்கியோடு வந்து, 100 மீட்டரில் நிற்கும் பனிமான் உருவத்தின்மேல் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். ஐந்தும் 30 செ.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும். கோண நிமிடத்தில் சொன்னால் பத்து. கடையில் கிடைக்கும் எந்த முறையான தோட்டாவும் இதில் பத்தில் இரண்டு பங்கைக்கூடச் செலவழிக்காது. மீதி எட்டுப் பங்கும் ஆளின் மூச்சுக்கும் விரலுக்கும் விடப்பட்டிருக்கிறது. அப்படியும் தவறுகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்த ஆண்டு காட்டுக்குப் போகும் முன் தேறியாக வேண்டும். காயப்பட்டு ஓடிய மிருகத்தைத் தேடிப் பிடிக்கப் பழகிய மோப்பநாய் ஒன்று கிடைக்கும்படி முன்னமே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. நான் படித்த வேட்டை விதிகளில் மிருகத்தின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றிய விதி இது.

எந்தத் தோட்டா நல்லது என்று மான் வேட்டைக்கோ மூஸ் வேட்டைக்கோ போகிற ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் நழுவ மாட்டேன். 6.5×55 அல்லது .308. மேக்னம் வேண்டாம். தொலைநோக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைத் தோட்டாப் பெட்டிகளுக்கு மாற்றி, நின்றும் முழங்காலிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுட்டுத் தீர்க்க வேண்டும். நாள் விட்டு நாள் முதல் குண்டை மட்டும் ஒரே தாளில் போட்டு, அந்தத் தாள் எந்தத் தூரத்தில் ஒரு நெஞ்சுக்கூட்டின் அகலத்தை மீறுகிறது என்று பார்க்க வேண்டும். அதுவே அவருடைய எல்லை. பலருக்கு அது 150 மீட்டரைத் தாண்டாது. 6.5-ஆ .308-ஆ என்பதை, அவர் ஊர்க் கடையில் எது ஆண்டு முழுவதும் குறையாமல் கிடைக்கிறது என்று விசாரித்து முடிவு செய்துகொள்ளலாம்.